பாசிட்டிவ் என்று சொல்லி அனுப்பிய பெண்களைப் பற்றி: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கும், பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும், தேசிய நலவாழ்வுக் குழும இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பின்னர் ஒரு வட்ட மருத்துவமனையிலும் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையைப் பயிற்சி எடுத்துக்கொண்டு என் கையால் செய்திருக்கிறேன், பிறருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பணியின் ஒரு பகுதியைப் பற்றி மட்டும் இம்மடலில் எழுதுகிறேன். பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று, அதாவது மேற்கொண்டு பார்க்க வேண்டிய அறிகுறி இருப்பதாக, அறியப்பட்ட பெண் அதற்குப் பிறகு என்ன ஆகிறாள் என்பதே அது. துறையின் ஆண்டறிக்கைகளில் பரிசோதிக்கப்பட்டோர் எண்ணிக்கை இலட்சக்கணக்கில் அச்சாகிறது. அவர்களுள் புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றம் கண்டறியப்பட்டோர் எத்தனை பேர், அவர்களில் சிகிச்சை முடித்தவர்கள் எத்தனை பேர், ஓராண்டு கழித்து மறுபரிசோதனைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை மாவட்டவாரியாகப் பொதுமக்கள் படித்தறியும் வகையில் நான் எங்கும் கண்டதில்லை. அந்தக் கணக்கை வெளியிட வேண்டும், அந்தக் கணக்கில் விடுபடும் பெண்களைத் தேடிச் செல்ல ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதே என் கோரிக்கையின் சாரம்.

குறை சொல்லவே எழுதுகிறேன் என்று தயவுசெய்து கொள்ள வேண்டாம். இந்தப் புற்றுநோயைப் பொறுத்தவரை தமிழ்நாடு செய்திருக்கும் பணிக்கு இந்திய அளவில் ஈடு குறைவு. 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின்கீழ் முன்னோட்டமாகத் தொடங்கிய பரிசோதனை 2012 முதல் மாநிலம் முழுவதற்கும் விரிவடைந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரே அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பைவாயைப் பார்த்துச் சொல்லும் முறையை இத்தனை பரந்த அளவில் நடத்திக் காட்டிய மாநிலங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் இப்பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 2 விழுக்காடாக இருந்தபோது, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10 விழுக்காடாக இருந்தார்கள். நாட்டின் சராசரியைவிட ஐந்து மடங்கு என்பது பெருமைக்குரியதுதான். பத்தில் ஒன்பது பேர் இன்னும் வரவில்லை என்பதும் அதே எண்ணிலிருந்து தெரிகிறது. அந்த ஒன்பது பேரை அழைத்து வருவதைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். வந்த ஒருவரைப் பற்றி எழுதுவோர் குறைவு என்பதால் நான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

இத்துறையில் உலகம் கற்றுக்கொண்ட முக்கியமான பாடங்களுள் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து போனது என்பதைத் தங்கள் அலுவலகத்துக்கு நினைவூட்ட வேண்டிய தேவை இருக்காது. ஆனாலும் அதன் எண்களை இங்கே விரிவாக எடுத்துவைக்கிறேன், ஏனெனில் என் வாதம் முழுவதும் அவற்றின் மேல்தான் நிற்கிறது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தக் கள ஆய்வை அம்பிளிக்கையில் உள்ள கிறித்துவ சமூக மருத்துவமனையும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், பிரான்சிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்தின. முடிவுகள் 2007இல் லான்செட் இதழில் வெளியாயின. 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 49,311 பெண்கள் பரிசோதனைக்கு உரியவர்களாகக் கணக்கிடப்பட்டு, அவர்களில் 31,343 பேர் பரிசோதிக்கப்பட்டார்கள். ஒரே ஒரு முறை, செவிலியர் கண்ணால் பார்த்துச் செய்த பரிசோதனை அது. அதன் விளைவாக, வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே பெற்ற கிராமங்களோடு ஒப்பிடும்போது கருப்பைவாய்ப் புற்றுநோய் வருவது 25 விழுக்காடும், அதனால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்தன. மலைப்பாதையும் வறண்ட காடும் நிறைந்த ஒரு மாவட்டத்தில், பரிசோதனைக்கு நுண்ணோக்கியும் ஆய்வகமும் தேவைப்படாமல், நம் ஊர்ச் செவிலியர்கள் சாதித்தது இது. இதை எண்ணும்போதெல்லாம் என் தொழிலை நினைத்து நான் மகிழ்கிறேன்.

இப்போது அதே ஆய்வின் உள்ளே இருக்கும் இன்னும் சில எண்களைப் பாருங்கள். பாசிட்டிவ் என்று தெரிந்தவர்கள் 3,088 பேர். அவர்களில் 3,052 பேருக்குக் கால்போஸ்கோப்பி, அதாவது கருப்பைவாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை, செய்யப்பட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கும் மேல் என்ற இந்த அளவு எப்படிச் சாத்தியமாயிற்று? வேறு நாளில், வேறு ஊருக்கு வா என்று யாரும் சொல்லவில்லை. பரிசோதனை நடந்த அந்த இடத்திலேயே, அந்த வருகையிலேயே, பயிற்சி பெற்ற செவிலியரே கால்போஸ்கோப்பி செய்தார், தேவையானவருக்குப் பயாப்சி (ஆய்வுக்காகச் சிறு சதைத் துணுக்கு) எடுத்தார், பொருத்தமானவருக்கு உருமாறிய இடத்தை உறையவைத்து அழிக்கும் குளிர்ச் சிகிச்சையும் அளித்தார். பெரிய அளவில் மாற்றம் பரவியிருந்தவர்களும் புற்றுநோய் இருந்தவர்களும்தான் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படியிருந்தும், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்த 1,874 பெண்களில் சிகிச்சை பெற்றவர்கள் 72 விழுக்காட்டினரே. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாற்றம் கண்டறியப்பட்டும் சிகிச்சை போய்ச் சேரவில்லை. உலகத் தரத்தில் திட்டமிட்டு, ஆள் வைத்துப் பின்தொடர்ந்த ஓர் ஆய்விலேயே நிலைமை இதுவென்றால், ஒரே செவிலியர் பிரசவமும் தடுப்பூசியும் சர்க்கரை நோய்ப் பதிவேடும் பார்த்துக்கொண்டு இதையும் பார்க்கும் அன்றாட ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை பேர் விடுபடுவார்கள் என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்கலாம்.

அந்த ஆய்வில் பரிசோதனை அளிக்கப்படாத ஒப்பீட்டுக் கிராமங்களில் 30,958 பெண்கள் இருந்தார்கள், அவர்களில் 92 பேர் இந்நோயால் இறந்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுவுக்குப் பரிசோதனை தராதது சரியா என்று பின்னாளில் அறநெறிக் கேள்விகள் எழுந்தன, அக்கேள்விகள் நியாயமானவை என்றே நான் கருதுகிறேன். அந்தப் பெண்களின் மரணத்தையும் சேர்த்துத்தான் நாம் இந்த அறிவைப் பெற்றோம். அதனால் அந்த அறிவைப் பாதியளவில் மட்டும் பயன்படுத்தும் உரிமை நமக்கு இல்லை.

பரிசோதனையில் நாம் தேடுவது புற்றுநோயை அன்று, அதற்கு முந்தைய நிலையை. இதைத் துறைக்கு விளக்க வேண்டியதில்லை என்றாலும், இம்மடலைப் படிக்கும் பெண்களுக்காகச் சில வரிகள் எழுதுகிறேன். கருப்பையின் வாய்ப்பகுதியில் இரு வகைச் செல்கள் சந்திக்கும் ஒரு வட்டம் உண்டு. எச்.பி.வி. என்னும் வைரஸின் சில வகைகள் அவ்வட்டத்துச் செல்களில் தங்கிவிடும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது. பெரும்பாலான பெண்களின் உடல் அவ்வைரஸை இரண்டு ஆண்டுகளுக்குள் தானே நீக்கிவிடுகிறது. நீங்காமல் தங்கிய சிலரிடம் செல்கள் மெல்ல மெல்ல உருமாறுகின்றன. உருமாற்றம் முற்றிப் புற்றுநோயாவதற்குப் பொதுவாகப் பத்து முதல் இருபது ஆண்டுகள் ஆகும். இந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால் உருமாறிய இடம் வெண்மையாகத் தெரிகிறது. அயோடின் தடவினால் நல்ல செல்கள் கரும்பழுப்பாகவும் உருமாறிய இடம் கடுகு மஞ்சளாகவும் காட்டுகின்றன. அந்த நிலையில் பெண்ணுக்கு வலியோ இரத்தப்போக்கோ எதுவும் இருக்காது. ‘எனக்கு ஒன்றும் இல்லையே, நான் ஏன் வர வேண்டும்’ என்று அவர் கேட்பது இதனால்தான். ஒன்றும் இல்லாதபோது வருவதுதான் இதில் பயனளிக்கும்.

மாற்றத்தைக் கண்டறிந்தும் சிகிச்சை தராமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தில் ஒரு கசப்பான சான்று இருக்கிறது. ஆக்லாந்து நகரின் ஒரு மருத்துவமனையில், இம்மாற்றம் புற்றுநோயாக மாறாது என்று நம்பிய ஒரு மருத்துவரின் கருத்தைப் பின்பற்றி, முற்றிய நிலை மாற்றம் இருந்த பெண்கள் பலருக்கு உரிய சிகிச்சை அளிக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். 1987–88இல் நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் நடந்த விசாரணை இதை வெளிக்கொண்டுவந்தது. பிற்காலத்தில் அப்பெண்களின் ஆவணங்களை ஆராய்ந்தபோது, போதிய சிகிச்சை பெறாதவர்களில் 30 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் அது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அங்கே ஒரு மருத்துவரின் பிடிவாதம் செய்ததை இங்கே பேருந்து வசதியின்மையும் பதிவேட்டின் விடுபடலும் செய்துவிடக் கூடாது. காரணம் எதுவானாலும் சிகிச்சை பெறாத பெண்ணின் உடலில் நடப்பது ஒன்றுதான்.

நம் பெண்கள் எங்கே விடுபடுகிறார்கள் என்பதை நான் பணியாற்றிய வட்டாரங்களில் கண்டதிலிருந்து சொல்கிறேன். முகாமிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பரிசோதனை முடிகிறது. பாசிட்டிவ் என்றால் ஒரு சீட்டு எழுதித் தரப்படுகிறது. அதை எடுத்துக்கொண்டு அவர் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போக வேண்டும். போகும் நாள் கூலி போகிறது. துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. போன அன்று கால்போஸ்கோப்பி நாள் இல்லை என்றால் இன்னொரு நாள் போக வேண்டும். பயாப்சி எடுத்தால் முடிவுக்காக மற்றொரு முறை, முடிவுக்குப் பின் சிகிச்சைக்காக வேறொரு முறை. இவ்வாறு பல தடவை பேருந்து ஏற வேண்டிய பெண் உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர் என்பதை மறந்துவிடக் கூடாது. காய்ச்சலோடு இருக்கும் பிள்ளைக்காகவே இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறவர், தனக்கு வலிக்காத ஒன்றுக்காக இத்தனை தடவை அலைவார் என்று எதிர்பார்ப்பது அவர் மேல் சுமத்தும் அநீதி.

அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வீட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாத நிலையிலேயே அவர் திரும்பிப் போகிறார். புற்றுநோய்க்கான பரிசோதனை, பாசிட்டிவ் என்ற இரண்டை மட்டும் கேட்டுவிட்டு, தனக்குப் புற்றுநோய் வந்துவிட்டது என்று முடிவு செய்து இரவெல்லாம் அழுதவர்களை எனக்குத் தெரியும். பயந்து சிலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர் நகையை அடகு வைத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போய், எளிய சிகிச்சையில் நீங்கியிருக்கக்கூடிய சிறு மாற்றத்துக்காகக் கருப்பையையே எடுத்துவிட்டு வருகிறார்கள். அதற்குப் பின் அவர்கள் நம் பதிவேட்டில் எந்தக் கட்டத்திலும் வருவதில்லை. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு பருவந்தோறும் இடம்பெயரும் ஒரு பெண் என் நினைவில் இருக்கிறார். பாசிட்டிவ் சீட்டு வாங்கிய சில வாரங்களில் வேறு மாவட்டத்துச் சூளைக்குப் போய்விட்டார். அங்குள்ள சுகாதார நிலையத்துக்கு அவரைப் பற்றிய தகவல் எதுவும் போகவில்லை, இங்கே அவர் பெயருக்கு எதிரே ‘பரிந்துரைக்கப்பட்டார்’ என்று எழுதியாயிற்று. மறுபடி அவர் மருத்துவமனைக்கு வந்தபோது இரத்தப்போக்கோடு வந்தார். பதிவேட்டைப் பொறுத்தவரை அவர் விஷயத்தில் எல்லோரும் தம் வேலையைச் செய்து முடித்திருந்தார்கள்.

ஆகவே என் முதல் கோரிக்கை, சிகிச்சையைப் பெண்ணின் ஊருக்கு அருகில் கொண்டுவர வேண்டும் என்பது. மாற்றம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்து, கருப்பைவாயின் உட்குழாய்க்குள் பரவாமல், வெளிப்பரப்பில் முக்கால் பங்குக்கு மேற்படாமல், புற்றுநோய் என்ற ஐயமும் இல்லாதிருந்தால் அவ்விடத்தை வெப்பத்தாலோ குளிராலோ அழித்துவிடலாம். குளிர்ச் சிகிச்சைக்கு வாயு உருளை வேண்டும், அதை நிரப்பி அனுப்புவதே பல இடங்களில் பெரும்பாடு. வெப்பச் சிகிச்சைக் கருவியோ கையில் எடுத்துச் செல்லக் கூடியது, மின்கலத்தில் இயங்கும் வகையும் உண்டு. ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு முறைக்கு ஏறத்தாழ அரை நிமிடமே ஆகும், மயக்க மருந்து தேவையில்லை, பயிற்சி பெற்ற செவிலியர் செய்யலாம். ஒவ்வொரு வட்டாரத்திலும் மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றிலாவது இக்கருவியும், பயிற்சி பெற்ற இருவரும், வாரத்தில் மாறாத ஒரு நாளும் இருந்தால், நான் மேலே சொன்ன பேருந்துப் பயணங்களில் பெரும்பாலானவை தேவைப்படா. இருவர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பயிற்சி பெற்ற ஒரே செவிலியர் மாறுதலாகிப் போன மறுநாள் பரிசோதனை அறை பூட்டப்படுவதைப் பார்த்தவள் நான். உட்குழாய்க்குள் பரவிய மாற்றமும் ஐயத்துக்குரிய புண்ணும் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், அதில் எந்தச் சமரசமும் கூடாது. ஆனால் அப்படிப் போகிறவருக்கு நாள் குறித்து, அங்கே யாரைப் பார்ப்பது என்று சொல்லி, முடிந்தால் வண்டி வைத்து அனுப்ப வேண்டும். பிரசவத்துக்கு இதையெல்லாம் செய்து பேறுகால இறப்பைக் குறைத்துக் காட்டிய துறைக்கு இது புதிய வித்தையன்று.

அடுத்தது பரிசோதனை முறையைப் பற்றியது. கண்ணால் பார்க்கும் முறை திண்டுக்கல்லில் பயன் தந்தது. மகாராட்டிரத்தின் உசுமானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களைக் கொண்டு நடந்து 2009இல் வெளியான ஆய்விலோ அதே முறை இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை, எச்.பி.வி. பரிசோதனை மட்டும் அவ்வாறு குறைத்தது. எச்.பி.வி. பரிசோதனை பெற்ற குழுவில் இந்நோயால் இறந்தவர்கள் 34 பேர், பரிசோதனை பெறாத குழுவில் 64 பேர். கண்ணால் பார்க்கும் முறை பார்ப்பவரின் பயிற்சியையும், விளக்கின் ஒளியையும், அன்று அவர் பார்த்து முடித்த பெண்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது என்பதை இப்பணியைச் செய்தவர் எவரும் ஒப்புக்கொள்வார். வயது ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு நான் குறிப்பிட்ட அந்தச் செல் வட்டம் உட்குழாய்க்குள் ஏறிவிடுவதால், எவ்வளவு கைதேர்ந்த செவிலியருக்கும் அது தென்படாமல் போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதன்மைப் பரிசோதனையாக எச்.பி.வி. டி.என்.ஏ. முறையைப் பரிந்துரைத்தது. 30 வயதில் தொடங்கி ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும் என்றும், எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்கு 25 வயதில் தொடங்கி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்களிடம் மாற்றம் விரைவாக முற்றும் என்பதால் கூட்டு மருந்து சிகிச்சை மையங்களிலேயே இப்பரிசோதனை நடப்பது நல்லது.

எச்.பி.வி. முறையின் இன்னொரு நன்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம். திரை சரியாக மூடாத அறையில், அறிமுகமில்லாதவர் முன் படுத்து, ஸ்பெகுலம் என்னும் விரிப்புக் கருவியை வைத்துப் பார்க்கும் வேதனையையும் கூச்சத்தையும் நினைத்தே வராமல் இருக்கும் பெண்கள் ஏராளம். 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொடுக்க வீட்டுப்படி ஏறும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர், அதே கையோடு ஒரு சிறு குச்சியையும் குழலையும் கொடுத்து, எப்படி எடுப்பது என்று சொல்லி, மறுநாள் வாங்கிக்கொண்டு போக முடியும். இந்தியாவில் வேறெந்த மாநிலத்துக்கும் இவ்வளவு தயாராக ஒரு படை இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்கிறேன். இப்பரிசோதனை எளிதாகும்போது பாசிட்டிவ் என்று வருவோர் எண்ணிக்கையும் கூடும். அவர்களை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசெல்லும் பாதையைச் செப்பனிடாமல் கருவியை மட்டும் வாங்கினால், இன்னும் அதிகமான பெண்களுக்கு அச்சத்தை மட்டும் கொடுத்தவர்கள் ஆவோம். முதலில் சிகிச்சை மையங்கள், பிறகு புதிய பரிசோதனை என்ற வரிசையை மாவட்டம் மாவட்டமாகக் கடைப்பிடிக்கும்படி வேண்டுகிறேன்.

எச்.பி.வி. உடலுறவின் வழியே பரவும் வைரஸ் என்பதால் முடிவைச் சொல்லும் விதத்தில் கூடுதல் கவனம் தேவை. பாசிட்டிவ் என்ற ஒரு தாளை வைத்துக்கொண்டு கணவன் மனைவியையும், மாமியார் மருமகளையும் ஐயப்படும் நிலை நம் வீடுகளில் வந்துவிடக் கூடாது. இவ்வைரஸ் திருமண வாழ்வில் இருப்போர் பெரும்பாலோருக்கும் ஏதோ ஒரு காலத்தில் வந்து போவது, எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது, எவருடைய நடத்தைக்கும் இது சான்று ஆகாது என்பதைத் தன்னார்வலர் மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்குப் பயிற்சி தர வேண்டும். முடிவைத் தனியாக, அந்தப் பெண்ணிடம் மட்டுமே சொல்ல வேண்டும். வீட்டுத் திண்ணையில் எல்லோர் முன்னாலும் சொல்லப்படும் முடிவு அவரை மருத்துவமனைக்கு அனுப்பாமல் வீட்டுக்குள் அடைத்துவிடும்.

கணக்கைப் பற்றிய கோரிக்கைக்கு வருகிறேன். கருப்பைவாய்ப் புற்றுநோயை ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட திட்டம் 2030க்குள் எட்ட வேண்டிய மூன்று இலக்குகளைக் குறித்தது. 90 விழுக்காட்டுச் சிறுமியருக்குப் பதினைந்து வயதுக்குள் தடுப்பூசி, 70 விழுக்காட்டுப் பெண்களுக்கு 35 வயதிலும் 45 வயதிலும் தரமான பரிசோதனை, நோயோ நோய்க்கு முந்தைய மாற்றமோ கண்டறியப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை என்பவை அவை. முதலிரண்டையும் நாம் பேசுகிறோம், எண்ணுகிறோம். மூன்றாவதை எண்ணினால்தான் இரண்டாவதற்குப் பொருள் இருக்கும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் காலாண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டோர், பாசிட்டிவ் ஆனோர், கால்போஸ்கோப்பி முடித்தோர், மாற்றம் உறுதியானோர், சிகிச்சை பெற்றோர், ஓராண்டில் மறுபரிசோதனைக்கு வந்தோர் என்று அடுத்தடுத்த எண்களாக இணையத்தில் வெளியிடுங்கள். பெயரோ முகவரியோ வேண்டாம், எண்கள் போதும். இதை வெளியிட்டால் சில மாவட்டங்களின் நிலை வருந்தத்தக்கதாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பேறுகால இறப்புகளை ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்யத் தொடங்கியபோதும் முதலில் அப்படித்தான் இருந்தது, அந்தத் தணிக்கைதான் பிற்பாடு உயிர்களைக் காத்தது. மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள் என்று மட்டும் கேட்கப்படும் செவிலியர், முகாமுக்கு முகாம் புதிய பெண்களைத் தேடி ஓடுவார். பாசிட்டிவ் ஆனவர்களில் எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள் என்று கேட்கப்பட்டால் அவர் அந்தப் பெண்களின் வாசலுக்குப் போவார். அவரைப் போகவிடாமல் தடுப்பது சோம்பலோ அக்கறையின்மையோ இல்லை, அவரிடம் கேட்கப்படும் கேள்விதான்.

தடுப்பூசியைப் பற்றி ஒரு சொல். 2025–26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி அறிவிக்கப்பட்டதை முழு மனதோடு வரவேற்கிறேன். கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமான 16, 18 ஆகிய வகைகளை அது தடுக்கிறது. ஆனால் அச்சிறுமியர் முப்பது வயதை எட்ட இன்னும் பல ஆண்டுகள் உள்ளன, தடுப்பூசி போட்டவர்களுக்கும் பரிசோதனை தேவைப்படும். அவர்களுடைய தாய்மாரும் பாட்டிமாரும் தடுப்பூசி வருவதற்கு முன்பே இவ்வைரஸைச் சந்தித்துவிட்ட தலைமுறையினர். 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் 1,27,526 பெண்களுக்கு இப்புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, 79,906 பேர் அதனால் இறந்தார்கள். இவர்கள் எல்லோரும் தடுப்பூசிக் காலத்துக்கு முந்தையவர்கள். இவர்களைக் காக்கப் பரிசோதனையும் அதைத் தொடரும் சிகிச்சையும் மட்டுமே உள்ளன. தடுப்பூசிக்கான நிதியைக் காரணம் காட்டிப் பரிசோதனைக்கான ஆளும் பொருளும் குறைந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இவையனைத்தையும் ஒரே ஆண்டில் செய்துவிட முடியாது என்பதை அரசுப் பணியில் இருந்தவள் என்ற முறையில் அறிவேன். கருவி வாங்க ஒப்பந்தப்புள்ளி வேண்டும், பயிற்சிக்குக் காலம் வேண்டும், பணியிடங்களுக்கு நிதித்துறையின் ஒப்புதல் வேண்டும். எதற்கும் காத்திராமல் அடுத்த மாதமே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. கடந்த மூன்று ஆண்டுகளில் பாசிட்டிவ் என்று பதிவாகி, சிகிச்சை பெற்றதற்கான குறிப்பு இல்லாத பெண்களின் பட்டியலை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையமும் தன் பதிவேட்டிலிருந்தே எடுக்க முடியும். அந்தப் பட்டியலைக் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமும் கொடுத்து, ஒவ்வொருவர் வீட்டுக்கும் சென்று, அவருக்கு நாள் குறித்து அழைத்துவரச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இடம்பெயர்ந்தவர்களின் விவரத்தைப் போன மாவட்டத்துக்குத் தெரிவிக்கும்படியும் அதில் சேருங்கள். அப்பட்டியலைச் சரிபார்க்கவும், செவிலியருக்குப் பயிற்சி தரவும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற செவிலியர்கள் ஊதியம் எதிர்பாராமல் வரத் தயாராக இருக்கிறோம். எங்கே, எப்போது வர வேண்டும் என்று துறை தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பணி நிறைவு பெற்ற அரசு செவிலியர் ஒருவர்